லாஸ் வேகாஸா, ஆம்ஸ்டர்டாமா, மும்பையா, வீட்டு அறையா: பாட்காஸ்ட் நடத்துகிறவர் பணத்தை எங்கே போடுவது?

ஏப்ரலில் லாஸ் வேகாஸில் என்ஏபி ஷோ, செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் ஐபிசி. இரண்டும் வானொலி, தொலைக்காட்சிக் கருவிகளின் பெரிய கண்காட்சிகள். தனியாகப் பாட்காஸ்ட் நடத்துகிறவர்களிடம் இந்தப் பெயர்களை எடுத்தாலே பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். டவர் விற்கிறவனும் வாங்குகிறவனும் கூடும் சந்தையில் நமக்கென்ன வேலை என்பார்கள் சிலர். ஒலியை நூறு வருஷமாகக் கையாளுகிறவர்கள் கூடுகிற இடம், ஒரு முறையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் பாதி சரி.

எங்கள் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து பாட்காஸ்ட் செய்கிறவர் முதல் ஒரு லட்ச ரூபாயை எந்தக் கண்காட்சிக்கும் செலவழிக்க வேண்டாம். அறையைச் சரிசெய்து, பதிவு ஒழுங்கான பிறகு, கருவியைத் தொட்டுப் பார்த்து வாங்கும் கட்டம் வந்தால் மும்பை போதும். லாஸ் வேகாஸும் ஆம்ஸ்டர்டாமும் உங்களிடம் விற்க ஏதாவது இருந்தால் மட்டும்.

வானொலி நிறுவனங்கள் மேல் கோபம் எதனால்

பாட்காஸ்ட் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது 2004-ல். 2005 ஜூனில் ஆப்பிள் அதை ஐடியூன்ஸில் சேர்த்தது. தொடக்கக்காரர்களில் ஒருவரான ஆடம் கரி எம்டிவியில் தொகுப்பாளராக இருந்தவர். அதாவது ஒலிபரப்பு வீட்டுப் பிள்ளைதான். ஆனாலும் வானொலி நிறுவனங்கள் வெகுகாலம் இதைச் சீந்தவில்லை. பிறகு பணப்பையோடு வந்தன. அமெரிக்காவின் பெரிய வானொலிக் குழுமமான ஐஹார்ட்மீடியா, கடன் தாங்காமல் திவால் பாதுகாப்பு கேட்டு மனுப் போட்ட அதே 2018-ல், ஸ்டஃப் மீடியா என்ற பாட்காஸ்ட் நிறுவனத்தை 55 மில்லியன் டாலருக்கு வாங்கியது. செயற்கைக்கோள் வானொலி நிறுவனமான சிரியஸ் எக்ஸ்எம் 2020-ல் ஸ்டிச்சர் என்ற பாட்காஸ்ட் நிறுவனத்தை 325 மில்லியன் டாலர் வரை விலை பேசி வாங்கியது. 2023-ல் ஸ்டிச்சர் செயலியையே மூடிவிட்டது. காலையில் வானொலியில் ஓடிய நிகழ்ச்சியில் விளம்பரத்தை வெட்டிவிட்டு மாலையில் 'பாட்காஸ்ட்' என்று ஏற்றுவதும், எந்தச் செயலியிலும் கேட்க வழிசெய்யும் ஆர்எஸ்எஸ் ஓடையே இல்லாமல் ஒரே செயலிக்குள் பூட்டி வைத்ததற்கும் அதே பெயரைச் சூட்டுவதும் தனியாள்களுக்கு எரிச்சல் மூட்டுகின்றன. எரிச்சலில் நியாயம் இருக்கிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே தனியார் பண்பலை நிலையம் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப முடியாது. ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஆகவே உள்ளூர் அரசியலையும் நடப்பையும் வைத்துப் பேசுகிற பாட்காஸ்டுக்கு இங்குள்ள தனியார் வானொலி போட்டியே இல்லை. அமெரிக்கச் சண்டையை அப்படியே இறக்குமதி செய்து கொதிக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கப் புகாரையும் சொல்லிவிட வேண்டும். 'பாட்காஸ்ட்காரர்களுக்குச் சத்த அளவு தெரியாது, விருந்தினர் குரல் எதிரொலிக்கும், பின்னணியில் ஃபேன் ஓடும்' என்று வானொலிப் பொறியாளர்கள் முணுமுணுப்பது வயிற்றெரிச்சலில் இல்லை. நிறையத் தமிழ் பாட்காஸ்ட்களில் இந்த மூன்றும் அப்படியே கேட்கிறது.

கண்காட்சிக்குப் போகாமலே எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஒலிபரப்புத் துறையிலிருந்து நமக்கு உருப்படியாகக் கிடைப்பவை அதன் பழக்கங்கள். அவற்றைக் கற்க விமானம் ஏற வேண்டாம்.

முதலாவது சத்த அளவு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-ல் கொண்டுவந்த ஆர்128 விதிப்படி நிகழ்ச்சியின் சராசரி உரப்பு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு). அமெரிக்கத் தொலைக்காட்சியில் மைனஸ் 24. ஆப்பிள் பாட்காஸ்டுக்குச் சொல்வது மைனஸ் 16, ஒன்று கூடக்குறைய இருக்கலாம்; உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. டிவி பழக்கத்தில் இருக்கும் எடிட்டர் மைனஸ் 23-ல் கோப்பைக் கொடுத்தால் 7 அலகு குறைகிறது. பஸ்ஸில் இயர்ஃபோன் போட்டுக் கேட்கிறவருக்கு ஒன்றும் காதில் விழாது, அடுத்த எபிசோடுக்குத் தாவிவிடுவார். இலவசமான யூலீன் மீட்டரை வைத்து அளக்கலாம். ஒலியைத் தானே சரிசெய்யும் ஆஃபோனிக் இணையச் சேவையில் மாதம் 2 மணி நேரம் இலவசம். ஆடாசிட்டி என்ற இலவச எடிட்டிங் மென்பொருளிலும் உரப்பைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. ஒரு சிக்கலை மட்டும் கவனியுங்கள்: மோனோ கோப்பில் மைனஸ் 19 என்பதும் ஸ்டீரியோவில் மைனஸ் 16 என்பதும் காதுக்கு ஒன்றுதான். மோனோவை இரட்டை மோனோவாகக் கணக்கிடும் தேர்வு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பினால் 3 டெசிபல் தப்பும்.

இரண்டாவது மிக்ஸ்-மைனஸ். தொலைபேசியிலோ இணையத்திலோ பேசும் விருந்தினருக்கு நீங்கள் அனுப்பும் ஒலியில் எல்லாம் இருக்க வேண்டும், அவர் குரலைத் தவிர. அவர் குரலே திரும்பிப் போனால் எதிரொலி கேட்டுத் தடுமாறுவார். சாதாரண மிக்சரில் இதைச் செய்ய, ஆக்ஸ் (துணை வெளியீடு) அனுப்பும் குமிழ்களில் விருந்தினர் சேனலுடையதைப் பூஜ்யத்தில் வைத்து, மற்றவற்றைத் திறந்து, அந்த ஆக்ஸ் வெளியீட்டைப் போனின் மைக் உள்ளீட்டுக்குக் கொடுக்க வேண்டும். கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசி அடியில்தான். போனுக்கு நான்கு முனைப் பிளக் (டிஆர்ஆர்எஸ்) வேண்டும். மூன்று முனை ஸ்டீரியோ பிளக்கைச் செருகினால் மைக் முனை தரையோடு சேர்ந்துவிடும்; நீங்கள் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. சரியான பிளக்கைப் போட்டாலும் ஆக்ஸிலிருந்து வருவது லைன் அளவு, போன் எதிர்பார்ப்பது மைக் அளவு. நடுவில் 40 டெசிபல் குறைப்பான் இல்லாவிட்டால் குரல் கரகரவென்று உடையும். இந்தத் தலைவலியே வேண்டாமென்றால் ஜூம் பாட்ட்ராக் பி4 போன்ற கருவி தானாகவே மிக்ஸ்-மைனஸ் செய்துகொள்ளும். 2020-ல் வந்தபோது அதன் விலை 200 டாலர்.

மூன்றாவது, 'வானொலிக் குரல்' என்ற ஆசையை அளவோடு வைத்துக்கொள்வது. பண்பலை நிலையம் ஆப்டிமோட் போன்ற கருவியை வைத்துக் குரலை அழுத்தி நிரப்புவது, அலைவரிசைக்கு விதித்த வரம்புக்குள் இருந்துகொண்டே கார் இரைச்சலையும் தாண்டிக் கேட்க வைப்பதற்காக. பாட்காஸ்டுக்கு அந்த நெருக்கடி இல்லை. அதே மாதிரி கம்ப்ரசரை இறுக்கினால், நீங்கள் மூச்சு விடும் இடைவெளியிலெல்லாம் மின்விசிறி மேலெழும்பி வரும். பேசத் தொடங்கியதும் அமுங்கும். அதைக் கேட்டு ஸ்டூடியோ என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

எல்லாருடைய வீடியோவிலும் தெரிகிற ஷூர் எஸ்எம்7பி மைக்கும் இந்த ஆசையின் கிளைதான். எஸ்எம்7 வந்தது 1973-ல், இப்போது விற்கும் பி வடிவம் 2001-ல். நல்ல மைக், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு 60 டெசிபல் அளவுக்குப் பெருக்கம் வேண்டும். 55 டெசிபலோடு நின்றுவிடும் மலிவான இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) மாட்டினால் குமிழைக் கடைசிவரை திருக வேண்டியிருக்கும், 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடவே வரும். அதற்கு மருந்தாகக் க்ளவுட்லிஃப்டர் என்று இன்னொரு பெட்டி வாங்குவார்கள். சாம்சன் க்யூ2யூ போன்ற யூஎஸ்பி டைனமிக் மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்துப் பேசினால், முதல் ஐம்பது எபிசோடுக்குக் கேட்பவர் வித்தியாசம் கண்டுபிடிக்கப் போவதில்லை.

லாஸ் வேகாஸ்

என்ஏபி என்பது அமெரிக்க ஒலிபரப்பாளர் சங்கம், 1923-ல் தொடங்கியது. அதன் கண்காட்சி லாஸ் வேகாஸ் கன்வென்ஷன் சென்டரில் ஞாயிறு முதல் புதன் வரை நடக்கும். 2019-ல் 90,000-க்கு மேல் இருந்த கூட்டம் கோவிடுக்குப் பிறகு அந்த அளவை எட்டவில்லை. 2024-ல் 61,000, 2025-ல் 55,000 என்ற அளவில்தான் இருந்தது. குறைந்த கூட்டத்தை ஈடுகட்டத்தான் அண்மை ஆண்டுகளில் 'க்ரியேட்டர் லேப்' என்று படைப்பாளிகளுக்கு ஒரு மூலையை ஒதுக்கி அழைக்கிறார்கள் என்பது எங்கள் ஊகம். அழைப்பில் அன்பு எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

நுழைவு பெரிய செலவில்லை. கண்காட்சி அரங்குக்கு மட்டுமான பாஸை, ஸ்டால் போடும் நிறுவனங்கள் கொடுக்கும் விருந்தினர் குறியீட்டை வைத்து இலவசமாகவே எடுக்கலாம். கருத்தரங்கப் பாஸ்தான் கையைக் கடிக்கும். மற்ற செலவுகளைப் பாருங்கள். விசா விண்ணப்பம் 185 டாலர், நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. போய்வர ஒரு லட்சத்தைச் சுலபமாகத் தொடும். ஹோட்டல் வாடகையோடு 'ரிசார்ட் கட்டணம்' என்று ஒரு நாளைக்கு 40, 50 டாலரும் சேரும். ஆக மூன்று லட்சத்துக்குக் குறைந்து திரும்புவது கடினம்.

அந்தப் பணத்துக்கு என்ன பார்ப்பீர்கள்? ஒளிபரப்பு வேன்கள், ஆன்டெனாக்கள், வீடியோ சுவிட்சர்கள், டெலோஸ், காம்ரெக்ஸ், டைலைன் போன்ற நிறுவனங்களின் ஐபி கோடெக்குகள் (நேரலை ஒலியை இணையம் வழியே நிலையத்துக்கு அனுப்பும் பெட்டிகள்). கோடெக் ஆயிரக்கணக்கான டாலர் விலை சொல்வதில் அநியாயம் ஒன்றும் இல்லை: கிரிக்கெட் மைதானத்திலிருந்து நேரலை போகும்போது ஒரு நொடி அறுந்தாலும் நிலையத்துக்கு நஷ்டம். பாட்காஸ்டில் இரண்டு பக்கமும் தனித்தனியே பதிவு செய்து பின்னால் சேர்த்துக்கொள்கிறோம். ரிவர்சைட், ஜென்காஸ்டர் போன்ற சேவைகள் செய்வது அதைத்தான். நடுவில் நெட் விக்கினாலும் கோப்பு பிழைத்துவிடும். நேரலை வேண்டாதவருக்கு நேரலைக்கான காப்பீடு எதற்கு? பாதி ஸ்டால்களில் விலையைக் கேட்டால் கொட்டேஷன் அனுப்புகிறோம் என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்துவிடலாம்.

சரி, யாருக்கு என்ஏபி? பாட்காஸ்ட் ஹோஸ்டிங், ஒலித் திருத்தம், பேச்சைத் தமிழ் எழுத்தாக்கும் மென்பொருள் என்று எதையாவது உருவாக்கி நிறுவனங்களுக்கு விற்க நினைக்கிறவருக்கு. வாங்குகிறவர்கள் ஒரே கூரையின் கீழ் நிற்கும் நாலு நாள் வேறெங்கும் கிடைக்காது.

ஆம்ஸ்டர்டாமும் லண்டனும்

ஐபிசி 1967-ல் லண்டனில் தொடங்கி, 1992 முதல் ஆம்ஸ்டர்டாமின் ராய் அரங்கில் நடக்கிறது. 2024-ல் வந்தவர்கள் 45,000 பேர். தொலைக்காட்சி, ஓடிடி பக்கம் சாய்வு அதிகம். விமான நிலையத்திலிருந்து ராய் நிலையத்துக்கு ரயிலில் பத்து நிமிடம் என்பதால் பாரிஸ், ஜெர்மனித் தமிழர்கள் ஊருக்கு வெளியே அறை எடுத்து இரண்டு நாளில் பார்த்துவிட்டு வரலாம். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ இதற்காக ஷெங்கன் விசா எடுப்பது வீண்.

பாட்காஸ்டுக்கென்றே நடக்கும் கூட்டங்கள் இரண்டைச் சொல்லலாம்: அமெரிக்காவில் 2014 முதல் நடக்கும் பாட்காஸ்ட் மூவ்மென்ட், லண்டன் இஸ்லிங்டனில் 2022 முதல் மே மாதம் நடக்கும் தி பாட்காஸ்ட் ஷோ. இங்கே பேசுவது கருவியைவிட விளம்பரம், கேட்போர் எண்ணிக்கை, உரிமம். ஒரு பதிவிறக்கம் கணக்கில் சேர, குறைந்தது ஒரு நிமிட ஒலியாவது இறங்கியிருக்க வேண்டும் என்ற ஐஏபி (இணைய விளம்பரத் துறையின் அமைப்பு) விதியை வைத்துத்தான் விளம்பரதாரர் பேரம் பேசுகிறார். 2023-ல் ஐபோனின் ஐஓஎஸ் 17 தானியங்கிப் பதிவிறக்கத்தைக் குறைத்ததும் பல பெரிய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை சரிந்தது ஏன் என்பது இப்படிப்பட்ட அரங்குகளில் அலசப்படும். லண்டனில் குடியிருக்கும் தமிழ் பாட்காஸ்டருக்கு இது ட்யூப் பயணம்தான். ஏஞ்சல் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். அவர் ஐபிசியை விட்டுவிட்டு இதற்குப் போவதே சரி. ஆனால் அங்கு பேசப்படும் விளம்பர விலையெல்லாம் ஆங்கில நிகழ்ச்சிக்கானது. தமிழ் நிகழ்ச்சிக்கு அதே கணக்கைப் போட்டு வீட்டு வாடகைக்குத் திட்டமிட்டுவிடாதீர்கள்.

மும்பை

இங்கே கண்காட்சி இரண்டு உண்டு. அக்டோபரில் பிராட்காஸ்ட் இந்தியா ஷோ, மே கடைசியில் கோரேகாவில் பாம் எக்ஸ்போ. முதலாவது என்ஏபியின் சின்ன வடிவம். இரண்டாவது கச்சேரி ஒலி, ஒளி, இசைக்கருவி, பதிவுக் கருவி என்று கலவையாக இருக்கும். பாட்காஸ்ட்காரர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதானால் பாம். மைக், ஹெட்ஃபோன், சின்ன மிக்சர் ஆகியவற்றின் இந்திய விநியோகஸ்தர்கள் அங்கே நேரில் இருப்பார்கள். உத்தரவாதமும் சர்வீஸும் அவர்கள் கையில்தான். வெளிநாட்டில் வாங்கி வந்ததை அவர்கள் பல நேரம் கையிலேயே வாங்க மாட்டார்கள். ரயிலில் போய் ஒரு நாள் பார்த்துத் திரும்பினால் பத்தாயிரத்துக்குள் முடிக்கலாம்.

அரங்கத்தில் மைக்கைச் சோதிப்பது தனிக் கலை. சுற்றிலும் ஸ்பீக்கர் டெமோ அலறிக்கொண்டிருக்கும், ஸ்டால்காரர் கொடுக்கும் ஹெட்ஃபோனில் எல்லா மைக்கும் அருமையாகவே இருக்கும். ஆகவே உங்கள் சொந்தக் கையடக்க ரெக்கார்டர், காதை மூடும் ஹெட்ஃபோன், மைக்கை இணைக்கும் 2 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள் மூன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மைக்கிலும் ஒரே வாக்கியம், ஒரே நாலு விரல் தூரம், தொடக்கத்தில் மைக்கின் பெயர். வாக்கியத்தைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் 'ப' ஆங்கிலத்தில் வருவதைப்போல மூச்சைத் தள்ளாது, அதனால் காற்றடி குறைவு; நமக்குத் தொல்லை 'ஸ', 'ஷ', 'ஃப' கலந்த பேச்சில்தான். "பேருந்து நிலையத்தில் ஸ்வீட் ஸ்டால், ஃபேன்சி ஷாப்" என்பது மாதிரி ஒன்று போதும். முடிவை அங்கேயே எடுக்காமல் இரவு அறையில் உட்கார்ந்து கேளுங்கள்.

ரெக்கார்டர் வாங்குவதானால் ஸ்டாலில் மட்டுமே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது: பதிவு ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். வேவ் கோப்பின் தலைப்பகுதியில் நீளத்தைக் கடைசியில் எழுதும் கருவியானால், கரண்ட் போனதும் ஒரு மணி நேரப் பேட்டி திறக்க முடியாத கோப்பாகிவிடும். இடையிடையே எழுதிக்கொண்டே போகும் கருவியில் கடைசிச் சில நொடிகள் மட்டும் போகும். மின்வெட்டு உள்ள ஊர்க்காரருக்கு விவரத்தாளின் மற்ற எல்லா எண்ணையும்விட இதுதான் முக்கியம், ஆனால் எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்ல மாட்டார்கள். பாட்ட்ராக் பி4 இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடுவதும் இந்த வகையில் பெரிய வசதி.

வீட்டு அறை

முதல் லட்சம் இங்கே போகட்டும் என்றோம். உண்மையில் பாதிகூட ஆகாது. இரண்டு டைனமிக் மைக், ஸ்டாண்டு, ஒரு நாலு சேனல் ரெக்கார்டர், இரண்டு மூடிய ஹெட்ஃபோன். மிச்சத்தை அறைக்குப் போடுங்கள். முட்டை அட்டை, ஓரங்குலக் கறுப்பு ஃபோம் இரண்டும் வேண்டாம்: உயர் அதிர்வெண் ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு, குரலைப் பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆக்கிவிடும். 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறைப் பஞ்சு) பலகைகளை நாலுக்கு இரண்டு அடி மரச்சட்டத்தில் வைத்துத் துணி சுற்றினால் ஆறு பலகை போதும். தச்சரிடம் கொடுத்தால் ஒரு நாள் வேலை; ராக்வூலைத் தொடும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

பலகையைப் பலர் மைக்குக்குப் பின்னாலுள்ள சுவரில் மாட்டுகிறார்கள். கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை அதிகம் பிடிப்பது) பார்த்துக்கொண்டிருப்பது உங்களை. உங்கள் தலைக்குப் பின்னாலுள்ள சுவரில் பட்டுத் திரும்புவதுதான் அதன் வாய்க்குள் நேராகப் போகும். முதல் இரண்டு பலகை உங்கள் முதுகுக்குப் பின்னால், அடுத்த இரண்டு பக்கவாட்டில், மீதி தலைக்கு மேலே. ஃபேனை நிறுத்த முடியாத ஏப்ரல், மே மாதங்களில் பதிவை அதிகாலைக்கு மாற்றுங்கள். கன்டென்சர் மைக் இருந்தால் அலமாரியில் பூட்டி வையுங்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்வரை எண்ணிக்கொடுத்துவிடும்.

சென்னையில் இருப்பவர் கேபிள், பிளக், குறைப்பான் வகைகளை ரிச்சி தெருவில் பார்க்கலாம். எக்ஸ்எல்ஆர் கேபிள் வாங்கும்போது கனெக்டரைத் திருகித் திறந்து சால்டரைப் பாருங்கள்: மூன்று கம்பியும் மூன்று முனையில் தனித்தனியே இருக்க வேண்டும். மலிவுக் கேபிளில் 1-ஆம் முனையையும் 3-ஆம் முனையையும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். அப்படிப்பட்டது வேலை செய்யும், கூடவே ட்யூப்லைட் ரீங்காரத்தையும் கொண்டுவந்து கொடுக்கும்.

எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் பதிவு செய்யத் தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கிக்கொள்ளுங்கள். ஸ்டாலில் பேட்ஜை ஸ்கேன் செய்துவிட்டால், டிரான்ஸ்மிட்டர் தள்ளுபடி அறிவிப்புகள் வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். கடைசி நாள் பிற்பகல் விற்பனையாளர்கள் பெட்டி கட்டத் தொடங்கியிருப்பார்கள்; அப்போது ஸ்டாலில் சும்மா நிற்கும் பொறியாளரைப் பிடித்து, அவர்கள் மைக்குக்கு எந்த இன்டர்ஃபேஸ் பொருந்தாது என்று கேளுங்கள். பொருந்துவதன் பட்டியல் கையேட்டிலேயே இருக்கிறது.